நெடுவாசல் தத்தையார் சுற்றோலைப் பணியை விட்டது குறித்துக் கருங்குன்றத்துக் கோமானுக்கு

மங்கலம் உண்டாகுக. மலையும் மழையும் உள்ளளவும் கருங்குன்றத்தின் குடைநிழல் குளிர்ந்திருப்பதாக.

சுனைகள் பலவற்றுக்கு உரியவரும், களிற்றுக்கொடி உயர்த்தவரும், கற்றோர்க்குத் தம் வாயிலை அடைத்தறியாத மரபில் வந்தவரும் ஆகிய கருங்குன்ற நாட்டுக் கோமான் ஆதிரைவேள் அவர்களின் திருமுன்புக்கு, தண்பொழில் நாட்டு வேந்தர் முகில்வண்ணப் பேரரையரின் ஓலை அமைச்சன் வடவாயில் பூவணன் தலைதாழ்த்தி வணங்கி எழுதுவிக்கும் ஓலை. தங்கள் அரண்மனையில் யாவரும் நலமுடன் இருப்பாராக. தங்கள் குன்றுகளில் தினை முற்றி விளைவதாக. தங்கள் இளவரசியாரின் காய்ச்சல் முற்றும் தணிந்திருப்பதாக. இங்கு எம் வேந்தர் நலம். எம் ஏரிகள் நிறைந்திருக்கின்றன. உப்பு மட்டுமே குறைந்திருக்கிறது. அதன் காரணத்தைத் தாங்களே அறிவீர்கள்.

தாங்கள் விடுத்த ஓலை கணவாய்க் காவலர் வழியே எம்மை அடைந்தது. அதில் கண்டதை யாம் வேறாக விளங்கிக்கொண்டோம் என்ற பேச்சுப் பின்னர் எழாதிருக்க, அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். பழைய கல்லெழுத்துகளைப் படித்துப் பொருள் காண்போர் இரு நாட்டிலுமாகச் சிலர் உள்ளனர். அவர்கள் தமக்குள் ஓர் அவையம் வைத்துக்கொண்டு, பருவத்துக்கு ஒருமுறை ஒரு சுற்றோலை விடுகின்றனர். எங்கே புதிதாகக் கல் கிடைத்தது, எவர் அதை எப்படிப் படித்தார், எவர் அதை மறுத்தார், எவர் காலமானார், அடுத்த கூட்டம் எவ்வூரில் என்பனவெல்லாம் அதில் வரும். அதைத் தொகுத்துப் படியெடுத்து ஒவ்வொரு கல்விச்சாலைக்கும் அனுப்பி வந்தவர் எம் நாட்டு நெடுவாசலில் எழுத்துக் கற்பிக்கும் தத்தையார் என்னும் அம்மையார். சென்ற வேனிற் சுற்றோலையில் நரிக்கல் மேட்டுக் கல்லின் வாசகம் வெளியாயிற்று. ஓடைக்குத் தெற்கிலுள்ள மேய்ச்சல் நிலம் தங்கள் முன்னோர் கொடுத்த கொடை என்பது அவ்வாசகம். அந்நிலத்தில் இன்று மாடு மேய்ப்பவர் எம் குடிகள். அதற்கடுத்த சுற்றோலையிலேயே, தாம் இப்பணியிலிருந்து விலகுவதாகத் தத்தையார் நாலு வரியில் அறிவித்துவிட்டார். ஆகவே, உண்மையை வெளியிட்ட குற்றத்துக்காக எம் வேந்தர் அவரை அச்சுறுத்தி அடக்கிவிட்டார் என்று தாங்கள் முடிவு செய்தீர்கள்.

இதற்குச் சான்றாகத் தாங்கள் எழுதியிருந்ததை யாம் பலமுறை படித்தோம். தத்தையார் தொகுத்த ஒவ்வொரு சுற்றோலையின் கடைசியிலும் அவர் வீட்டைப் பற்றிய ஒரு வரி இருக்கும் என்றும், முருங்கை ஒடிந்தது, பூனை பரண்மேல் குட்டி போட்டது, நேற்று பெய்த மழையில் எழுத்தாணி துருப்பிடித்தது என்று இவ்வாறு ஏதாவது வரும் என்றும், விலகல் அறிவிப்பில் மட்டும் அத்தகைய வரி இல்லை என்றும், எனவே அந்த அறிவிப்பு அவர் கையால் எழுதப்பட்டதன்று, அன்றேல் எவரோ பக்கத்தில் நின்று எழுதுவித்தது என்றும் சொல்லியிருந்தீர்கள். அவர் அச்சமின்றி மீண்டும் சுற்றோலை விடும்வரை கணவாய் அடைபட்டிருக்கும் என்றும், கல் பார்க்க அங்கு வந்த எம் நாட்டு ஆய்வோரான ஏழூர்க் கொற்றனாரும் பெரியகரைச் சடையனாரும் தங்கள் விருந்தினர் மாளிகையிலேயே தங்குவர் என்றும் ஓலை முடிந்திருந்தது.

கோமானே, யாம் உண்மையை எழுதக் கடமைப்பட்டவர். தங்கள் ஓலை அவையில் படிக்கப்பட்டபோது எம் வேந்தர் கேட்ட முதற்கேள்வி, தத்தையார் என்பவர் யார் என்பது. அதற்கு விடை சொல்ல அவையில் ஒருவரும் இல்லை. சுற்றோலை என்ற ஒன்று நாட்டில் உலவுவதையே எம்மில் எவரும் அறிந்திருக்கவில்லை. தாங்கள் எம்மீது சுமத்திய குற்றத்தைச் செய்வதற்கு வேண்டிய அக்கறைகூட எம்மிடம் இருக்கவில்லை என்பதை நாணத்தோடு தெரிவிக்கிறோம்.

அவையில் பெரியோர் பலரும் ஒரே வழியைச் சொன்னார்கள். அந்த அம்மையாரை மீண்டும் தொகுக்கச் சொல்லி ஆணை அனுப்பினால் சுற்றோலை வரும், சுற்றோலை வந்தால் கணவாய் திறக்கும், உப்பு வரும், ஆய்வோரும் வீடு திரும்புவர். எளிய வழியாகவே தோன்றியது. வேந்தரும் உடன்பட்டார். ஆணை எழுதி இலச்சினையிட்டு எம்மிடம் தந்தார்கள். ஆள் அனுப்பினால் அச்சுறுத்தியதாகவே மீண்டும் பேச்சு வரும் என்று எண்ணி, யாமே நெடுவாசலுக்குச் சென்றோம்.

அங்கே கண்டதையும் கேட்டதையும் இனி எழுதுகிறோம். தத்தையாரின் குரலைத் தாங்கள் வரிவரியாக அறிந்தவர். ஆகையால் அவர் பேசியதை அவை நடைக்கு மாற்றாமல் அவர் பேசியபடியே எழுதுவிக்கிறோம். எம் கை அதில் படவில்லை என்பதற்கு அதுவே சான்றாகட்டும்.

அவர் கணவர் காடனார் அவுரிச் சாயம் தோய்ப்பவர். முழங்கை வரை நீலமாக இருந்த கையைக் கூப்பி எம்மை வரவேற்றார். வேந்தர் ஆணையோடு வந்திருக்கிறோம், அம்மையாரை அழைக்க வேண்டும் என்றோம். அப்போது நடுப்பகல்.

"தூங்குறாங்க ஐயா," என்றார் காடனார்.

எழுப்புமாறு சொன்னோம்.

"எழுப்ப மாட்டேனுங்க. கோவிச்சுக்காதீங்க. இந்த வீட்டுல அவங்க பகல்ல தூங்கி நான் பார்த்ததே இல்ல. இப்பதான் தூங்குறாங்க. அந்த ஓலைக்கட்டெல்லாம் வீட்டை விட்டுப் போன மறுநாள் படுத்தாங்க. எழுந்து சாப்பிட்டுட்டு மறுபடியும் படுத்துடறாங்க. மொதல்ல நோவோன்னு பயந்து வைத்தியரைக் கூட்டிட்டு வந்தேன். அவர் கையைப் பிடிச்சுப் பார்த்துட்டு, நோவெல்லாம் இல்ல, அலுப்பு, விட்டுடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டார். நீங்க வேணா இருங்க. கூழ் இருக்கு, குடிங்க."

அரச இலச்சினையைக் காட்டினோம். அவர் அதைப் பார்த்து வணங்கினார். ஆனால் வாயிற்படியை விட்டு நகரவில்லை. ஆகவே யாம் சாயத்தொட்டிகளுக்கு நடுவே போட்ட கட்டிலில் அமர்ந்து, அவர் தந்த கூழைக் குடித்து, துணிகள் காற்றில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். வெயில் தாழ்ந்தபின் தத்தையார் தாமாகவே எழுந்து வந்தார். ஒரு பக்கக் கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. எவரும் காவலிருக்கவில்லை, எவரும் அச்சுறுத்தவில்லை. எம்மைக் கண்டதும் அவர் கேட்ட முதற்சொல், சுற்றோலைக்கு ஏதேனும் கொடுக்க வந்தீரோ என்பது. அப்படியாயின் தாம் அப்பணியில் இல்லை என்றார். இல்லையென்று சொன்னபின்பே எதிரில் அமர்ந்தார்.

அவர் சொன்னவற்றைத் தொகுத்துச் சொல்வோம். பல ஆண்டுகளுக்கு முன்பு ஏழூரில் அவையம் கூடியபோது, அதுவரை தொகுத்து வந்த பெரியவர் கண் மங்கியதால் விலகினார். யார் ஏற்பது என்ற பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. தத்தையார் தண்ணீர் குடிக்க வெளியே சென்றார். திரும்பி வந்தபோது எல்லாரும் அவரைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். இரண்டு பருவம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குள் வேறொருவரைக் கண்டுபிடித்துவிடுகிறோம் என்று சொன்னார்கள். அப்போது அவர் தலை முழுதும் கறுப்பாக இருந்தது. இன்று அதில் கறுப்பைத் தேடிப்பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் அவருக்கு அப்பணி பிடித்திருந்தது என்பதையும் எழுத வேண்டும். எங்கோ ஓர் ஊரில் கிணறு தோண்டும்போது கல் வந்தால், அதைத் தோண்டியவருக்கு அடுத்ததாக அறிந்தவர் தத்தையாராகத்தான் இருப்பார். இரு நாட்டிலும் எவர் எந்த எழுத்தில் தடுமாறுகிறார், எவருக்கும் எவருக்கும் பேச்சில்லை, எவருக்குப் பேரக்குழந்தை பிறந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஓலைக்கட்டு வரும் நாளில் அவர் சமைக்க மறந்துவிடுவார் என்றும், அடுப்பில் உலை வற்றிக் கருகும் வாசம் சாயத்தொட்டி வரை வரும் என்றும் காடனார் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் குறையில்லை.

பின்னர் அது மாறியது. எந்த நாளில் மாறியது என்று அவருக்கே தெரியவில்லை. தருகிறேன் என்றவர் தரமாட்டார். கேட்டு எழுதினால் மறுமொழி இராது. இரண்டாம் முறை எழுதினால் வருத்தப்படுவார். எல்லாம் படியெடுத்து முடிந்தபின்பு, சிறு திருத்தம் ஒன்று உண்டு என்று ஓர் ஓலை வரும். அந்தச் சிறு திருத்தத்துக்காக எல்லாப் படிகளையும் மாற்ற வேண்டும். அனுப்பியபின் குறைகள் வரும். தம் பெயர் இன்னார் பெயருக்குப் பின்னால் வந்தது ஏன், தம் ஊர்ப் பெயரில் ஒற்று விட்டது ஏன், இறந்தவரைப் பற்றி இத்தனை நீளமாக எழுதிவிட்டுத் தம் கட்டுரையைச் சுருக்கியது ஏன். நன்றாக இருந்தது என்று சொல்ல எவரும் எழுத மாட்டார். நன்றாக இருப்பதற்கு எழுதும் வழக்கம் இல்லையே என்றார் தத்தையார். அதை அவர் குறையாகவும் சொல்லவில்லை. மழைக்காலத்தில் துணி காயாது என்பதைப் போலச் சொன்னார்.

யாம் நரிக்கல் மேட்டுக் கல்லைப் பற்றிக் கேட்டோம். அதை வெளியிட்டதற்காக எவரேனும் அவரை எதுவும் சொன்னார்களா என்றோம். அவருக்கு முதலில் எந்தக் கல் என்றே நினைவு வரவில்லை.

"ஓ, பொருநந்தியார் படிச்சதா? அதுல ஏதோ நிலம்னு வரும். நான் வரி சரியா இருக்கான்னுதான் பார்த்தேன். நிலம் யாருதுன்னு பார்க்கலையே."

பிறகு மெல்லச் சொன்னார்.

"ஆனா அந்தக் கல்லாலதான் விட்டேன். அது உண்மைதான்."

கோமானே, தங்கள் ஐயம் மெய்யாகிவிட்டதோ என்று அஞ்சினோம். அவர் அதன்பின் சொன்னது இது.

நெடுவாசல் ஏரியின் பழைய மதகுக்கு அடியில் ஒரு கல் உண்டு. வட்டெழுத்தில் நீண்ட வாசகம். தத்தையார் இளம்பெண்ணாக இருந்தபோது ஏரி ஒருமுறை முற்றும் வற்றியது. அப்போதுதான் அக்கல் வெளியே தெரிந்தது. அவர் அதில் மேற்பகுதியைப் படித்து எழுதிக்கொண்டார். மீதியைப் படிக்குமுன் தண்ணீர் வந்துவிட்டது. அவர் கல்லெழுத்துப் படிக்கத் தொடங்கியதே அந்தக் கல்லால்தான். வாசகம் ஒரு சொல்லின் நடுவில் நின்றுபோயிருக்கிறது. பாதிச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு அவர் இத்தனை காலம் ஏரியைப் பார்த்து வந்தார். ஏரி வற்றவேண்டும் என்று வேண்டிக்கொள்ள முடியாது. ஊர் முழுதும் அதை நம்பி இருக்கிறது. ஆகவே வேண்டிக்கொள்ளவும் இல்லை. வெறுமனே காத்திருந்தார்.

சென்ற வேனிலில் ஏரி மீண்டும் வற்றியது. கல் வெளியே வந்தது. மாணவர் ஓடிவந்து சொன்னார்கள். தத்தையார் அப்போது வேனிற் சுற்றோலையை முடித்துக்கொண்டிருந்தார். இதை அனுப்பிவிட்டுப் போகலாம், இரண்டொரு நாள்தானே என்று எண்ணினார். அந்நேரத்தில்தான் தங்கள் நாட்டுப் பொருநந்தியாரிடமிருந்து நரிக்கல் மேட்டு வாசகத்துக்குத் திருத்தம் வந்தது. அதை மாற்றி எழுதியபின் மற்றொரு திருத்தம் வந்தது. முதல் திருத்தமே சரியென்று மூன்றாவதாக ஒன்று வந்தது. அவர் சரிசெய்தார். படிகளை எல்லாம் ஒப்புநோக்கினார். கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, மை தடவும் துணியும் எழுத்தாணியும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகும் வழியில் தூறல் விழுந்தது. மதகை அடையுமுன் பெருமழையாயிற்று. மேற்கிலும் பெய்திருந்ததால் வாய்க்கால்கள் எல்லாம் ஒருங்கே வந்து சேர்ந்தன. ஊரார் கரையில் நின்று ஆர்ப்பரித்து மகிழ்ந்தார்கள். தத்தையாரும் அவர்களோடு நின்றார். தண்ணீர் கல்லின்மேல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் மேலயும் கோவம் வரலைங்க," என்றார். "பொருநந்தியார் மேலகூட வரலை. அவர் கல்லை அவர் சரியா வரணும்னு பார்த்தார். அதுல என்ன தப்பு? மழை மேல கோவப்பட முடியுமா? வீட்டுக்கு வந்து ஈரத்துணி மாத்தினேன். அடுத்த பருவத்துக்கு வந்த ஓலைங்க மூலையில இருந்துது. அதைப் பிரிக்கக் கையை நீட்டினேன். கை போகலை. அவ்வளவுதான்."

அதன்பின் அவர் அவையத்தாருக்கு எழுதினார். அந்தச் சுற்றோலையை மட்டும் முடித்துத் தருவதாகவும், பின்பு வேறொருவர் ஏற்கவேண்டும் என்றும் சொன்னார். எல்லாரும் மறுமொழி எழுதினார்கள். இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக எல்லாரும் எழுதினார்கள். உம்மைப்போல் யாரால் முடியும் என்று சிலர். தம் உடல்நிலை இடம் தரவில்லை என்று சிலர். இன்னும் இரண்டு பருவம் மட்டும் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று மற்றையோர். ஏற்கிறேன் என்று ஒருவரும் எழுதவில்லை.

அப்போதுதான் யாம் தங்கள் ஓலையை அவரிடம் கொடுத்தோம். அவர் வெளிச்சத்துக்காக எழுந்து சென்று, தொட்டியருகில் நின்று படித்தார். முருங்கையும் பூனையும் துருப்பிடித்த எழுத்தாணியும் வரும் இடத்தில் நின்றுவிட்டார். திரும்பத் திரும்ப அந்த இடத்தையே படித்தார். ஓலையின் கடைசியில் சிறிது இடம் மிஞ்சியதால் ஒருமுறை விளையாட்டாக அப்படி எழுதினாராம். பின்பு அதுவே வழக்கமாயிற்று. இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் அதைப்பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. படியெடுப்பவர் அதை விட்டுவிடுகிறார்கள் போலும் என்று எண்ணியிருந்தாராம்.

"இவர் படிச்சிருக்காரு," என்று காடனாரிடம் சொன்னார். "பூனை வரைக்கும் படிச்சிருக்காரு."

காடனார், "அரசருக்கு அவ்வளவு நேரம் இருக்கா?" என்றார்.

கடைசி முறை ஏன் அந்த வரியை எழுதவில்லை என்று யாம் கேட்டோம். தங்கள் வழக்கு முழுவதும் அதில்தானே நிற்கிறது. அவர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார்.

"எழுத ஒண்ணும் தோணலைங்க. வீட்டுல எல்லாம் இருந்துது. பூனை இருந்துது, மழை இருந்துது. எனக்குத்தான் தோணலை."

கொற்றனாரும் சடையனாரும் தங்களிடம் தங்கவைக்கப்பட்டிருப்பதை அறிந்தபோது மட்டும் அவர் சிரித்தார். இருவரும் அவருக்குக் கட்டுரை தருவதாகச் சொல்லி ஆண்டுகள் ஆகின்றனவாம். மாளிகையில் ஓலையும் எழுத்தாணியும் கிடைக்குமா என்று எம்மைக் கேட்டார். பின்பு சிரிப்பு நின்றது. அவர்கள் வீட்டார் கவலைப்படுவார்களே என்றார். உப்பில்லாமல் மீன் காயப்போடுவோர் என்ன செய்வர் என்றும் கேட்டார். எம் மடியிலிருந்த ஆணையைப் பற்றி யாம் இன்னும் சொல்லவில்லை; அவரே அறிந்துகொண்டார்.

"என்னைத் திரும்பத் தொகுக்கச் சொல்லத்தானே வந்திருக்கீங்க? ராசா ஆணைன்னா செய்யறேங்க. வேற வழி இல்லையே. கணவாய் திறக்கணும். அந்த ரெண்டு பேரும் வரணும்."

சொல்லிவிட்டு எழுந்தார். எழுத்தாணி இருந்த மாடத்தை நோக்கி நடந்தார். கோமானே, யாம் போர்க்களத்தில் வீழ்ந்தவரைத் தூக்கிச் சென்றிருக்கிறோம். பஞ்சகாலத்தில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவரைப் பார்த்திருக்கிறோம். அந்த அம்மையார் எழுந்த விதத்தை அவற்றோடு ஒப்பிட்டால் மிகையாகும் என்பதை அறிவோம். அவர் கையூன்றி எழுந்தார், சேலையைச் சரிசெய்தார், நாலடி நடந்தார், அவ்வளவே. ஆனால் காடனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாயத்துணியைப் பிழியத் தொடங்கினார். பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தார்.

யாம் ஆணையை வெளியே எடுக்கவில்லை. அமருங்கள் அம்மையீர் என்றோம். வேறு வழி உண்டா என்று மூவருமாகப் பேசினோம். வழியைச் சொன்னவர் தத்தையாரே.

"அவருக்குத் தெரிய வேண்டியது நான் நல்லா இருக்கேனா, யாராவது மிரட்டினாங்களாங்கறதுதானே? நானே கணவாய்க்கு வந்து நிக்கறேன். என் வாயால சொல்றேன். நடக்கச் சொல்லுங்க, எவ்வளவு தூரம்னாலும் நடக்கறேன். தொகுக்கச் சொல்லாதீங்க."

அவ்வளவு தொலைவு வருவது அவருக்குத் துன்பமன்றோ என்றோம்.

"நரிக்கல் மேடு கணவாய்க்குப் பக்கத்துலதானே இருக்கு? அந்தக் கல்லை நான் பார்த்ததே இல்லைங்க. எல்லாரும் போய்ப் பார்த்து எழுதினதை வாங்கிப் போட்டேனே தவிர, ஒரு கல்லையும் போய்ப் பார்க்க நேரம் இருந்ததில்ல. அந்தக் கல்லுக்காக என் கல்லை விட்டேன். அதையாவது ஒரு தடவை தொட்டுப் பார்க்கறேன்."

யாம் தலைநகர் திரும்பி, இலச்சினை உடையாத ஆணையை வேந்தர் திருமுன் வைத்தோம். வேந்தர் சினந்தார் என்பதை மறைக்கமாட்டோம். ஓர் ஓலைக்கட்டுக்காக நாடு உப்பில்லாமல் இருப்பதா என்றார். ஆணையிட்டால் அந்த அம்மையார் மறுக்கமாட்டார் என்பதும், ஆகவேதான் ஆணையிடலாகாது என்பதும் எம் விண்ணப்பம். சம்பளம் வாங்காதவரை, எவரும் பதவி தராதவரை, தாமாக ஏற்றுத் தாமாகச் சுமந்தவரை, தாமாக இறக்கிவைக்கவும் விடவேண்டும் என்றோம்.  வேந்தர் அந்தச் சுற்றோலையின் பழைய கட்டுகள் எங்கேனும் கிடைக்குமா என்று கேட்டார். கிடைத்தவற்றைத் தருவித்தோம். அவர் எவ்வளவு படித்தார் என்று தெரியாது. மறுநாள் காலை, ஆணையைத் தம் கையாலேயே அடுப்பிலிட்டார். பூனை எத்தனை குட்டி போட்டது என்று எழுதவில்லையே என்று மட்டும் சொன்னார்.

ஆகவே எம் வேந்தரின் சொல்லாகத் தங்களுக்கு அறிவிப்பது யாதெனில்: தத்தையாரை எவரும் அடக்கவில்லை, அவர் அலுத்துப்போனார். இதைவிடப் பெரிய காரணத்தைத் தாங்கள் எதிர்பார்த்திருக்கலாம். எம்மிடம் இருப்பது இதுவே. நரிக்கல் மேட்டு நிலத்தைப் பொறுத்தவரை, கல் சொல்வதை மறுக்கும் எண்ணம் எம் வேந்தருக்கு இல்லை. இரு நாட்டு மேய்ப்பரையும் அமரவைத்துப் பேசுவதற்குத் தாங்கள் குறிக்கும் நாளில் வருவோம். சுற்றோலை இனி வருமா என்பது எமக்குத் தெரியாது. ஏற்பார் எவருமில்லை. வராமலே போகலாம். அதை விரும்பிப் படித்தவர் தாங்கள் ஒருவராவது உண்டு என்பது எமக்குத் தெரிந்ததும் காலம் கடந்துதான். ஏற்பார்களா என்று கொற்றனாரையும் சடையனாரையும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.

தத்தையாரும் காடனாரும் எம் காவலர் ஒருவரும் இன்றி, வண்டியில் தாமாகவே புறப்பட்டுவிட்டார்கள். இவ்வோலை தங்கள் கையை அடையும்போது அவர்கள் கணவாய்க்கு அருகில் இருப்பார்கள். வாயில் திறந்து அவர்களை நரிக்கல் மேட்டுக்குச் செல்லவிடுமாறும், அம்மையார் வாயால் கேட்டுத் தெளிந்தபின் வழியை எல்லார்க்கும் திறக்குமாறும் வேண்டுகிறோம்.

எம் எல்லைக்குள் இதை ஆணையாகவே பிறப்பித்திருக்கிறோம்; தங்கள் எல்லைக்குள் வேண்டுகோளாக வைக்கிறோம்: செல்லும் வழியிலும் தங்கும் சாவடியிலும் கல்லின் அருகிலும், அடுத்த சுற்றோலையில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லி எவரும் அந்த அம்மையார் கையில் ஓலை கொடுக்கலாகாது. கற்றோராயினும், முதியோராயினும், ஒரே வரியாயினும், கொடுக்கலாகாது.

இது வேந்தர் முகில்வண்ணப் பேரரையர் திருவாய் மொழிந்தபடி, ஓலை அமைச்சன் வடவாயில் பூவணன் சொல்ல எழுதப்பட்டது. இணைக்கயல் இலச்சினை இட்டோம். இதில் கண்டபடியே நடப்பதாக. இரு நாடும் வாழ்வதாக.

*

மேற்படி ஓலையின் புறத்தே கருங்குன்ற நாட்டு ஓலைக்காவலர் எழுதிச் சேர்த்தது:

ஓலை வந்து சேர்ந்தது. கோமான் ஒருமுறைக்கு இருமுறை படித்தார். பின் தாமே குதிரை ஏறிக் கணவாய்க்குச் சென்றார். அடியேனும் உடன் சென்றேன். தத்தையார் வந்து இறங்கினார். தம்மை எவரும் எதுவும் செய்யவில்லை என்று சொன்னார். கோமான் அவர் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. வாயிலைத் திறக்கச் சொன்னார். அன்றே உப்பு வண்டிகள் புறப்பட்டன. விருந்தினர் இருவரும் விடைபெற்றனர். தத்தையாரைக் கண்டதும் அவர்கள் வேறு வழியாகச் சென்றனர்.

அம்மையார் நரிக்கல் மேட்டில் கல்லின் முன் அமர்ந்து, ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவிப் படித்தார். எதையும் குறித்துக்கொள்ளவில்லை. வெயில் சாயும்வரை இருந்தார். கணவர் பக்கத்தில் குடை பிடித்து நின்றார்.

கோமான் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார். அக்கல்லின் கடைசி வரியைப் பற்றிக் கோமானே ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்ததையும், சுற்றோலைக்கு அனுப்பத் துணிவின்றி வேனில் முதலாக வைத்திருந்ததையும், அன்று அதைக் கையோடு கொண்டுவந்திருந்ததையும் அடியேன் மட்டுமே அறிவேன். தத்தையார் எழுந்து திரும்பியபோது கோமானின் கையில் ஓலையைக் கண்டு, அது என்ன என்று கேட்டார்.

ஒன்றுமில்லை என்று சொல்லிக் கோமான் அதை இடையில் செருகிக்கொண்டார். பூனை நலமா என்று கேட்டார்.

கணவாய் திறந்திருக்கிறது. கோமான் ஆணைப்படி எழுதி, களிற்று இலச்சினை இட்டேன்.